விழுந்த பந்தை விடுங்கள், எறிந்த இடத்தைப் பாருங்கள்

2025 அக்டோபர் 24. அமெரிக்காவில், கென்டக்கி மாநிலத்து லெக்சிங்டன் நகரின் ரப் அரங்கம். கென்டக்கி பல்கலைக்கழகக் கூடைப்பந்து அணி, பர்டியூ பல்கலைக்கழக அணியை 78–65 என்று வென்றது. சீசன் தொடங்குமுன் அசோசியேட்டட் பிரஸ் வெளியிடும் தரவரிசையில் அந்த ஆண்டு முதலிடம் பர்டியூவுக்கு. ஆறு நாள் கழித்து, அதே வரிசையின் முதல் 25 இடங்களுக்குள் வராத ஜார்ஜ்டவுன் அணியிடம் கென்டக்கி 84–70 என்று தோற்றது. இரண்டும் வெற்றி தோல்விக் கணக்கில் ஏறாத முன்னோட்ட ஆட்டங்கள்.

ஸ்கோரை அப்படியே நம்பினால் என்ன ஆகும்? பர்டியூவைவிடக் கென்டக்கி 13 புள்ளி மேல். கென்டக்கியைவிட ஜார்ஜ்டவுன் 14 புள்ளி மேல். அப்படியானால் நாட்டின் முதலிட அணியைவிட ஜார்ஜ்டவுன் 27 புள்ளி மேல்! ஜார்ஜ்டவுனின் தீவிர ரசிகர்கூட இதை வாய்விட்டுச் சொல்ல மாட்டார். ஆனால் முதல் ஆட்டத்தைப் பார்த்துத் துள்ளும் மனமும், இரண்டாவதைப் பார்த்துத் துவளும் மனமும் போடுவது இதே கணக்கைத்தான். ஒரே ஒரு படியோடு நிறுத்திக்கொள்வதால் அதன் அபத்தம் கண்ணில் படுவதில்லை.

அப்படியென்றால் முன்னோட்ட ஆட்டங்களைப் பார்ப்பதே வீண் என்று சொல்லிவிடலாமா? கூடாது. அவற்றில் உண்மையான தகவல் இருக்கிறது. அது ஸ்கோர்போர்டில் இல்லை, அவ்வளவுதான். குறிப்பாக ஓர் அணி எப்படித் தடுத்தாடப் போகிறது என்பது இத்தகைய ஆட்டங்களிலேயே ஓரளவு தெரிந்துவிடும். எவ்வளவு நன்றாகத் தடுக்கப் போகிறது என்பதுதான் தெரியாது. இந்த இரண்டு கேள்விகளையும் பிரித்துப் பார்க்கக் கற்றுத்தந்தது புள்ளியியல். எப்படி என்று பார்ப்போம்.

முதலில் இந்த ஆட்டங்களின் இயல்பு. அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தின் முதல் பிரிவில் 350-க்கும் மேற்பட்ட அணிகள் உண்டு. சீசன் நவம்பர் தொடக்கத்தில் ஆரம்பிக்கும். அதற்கு முன் ஒவ்வோர் அணியும் வேறு கல்லூரிகளோடு ஒன்றிரண்டு ஆட்டங்கள் ஆடிப் பார்க்கும். நீண்ட காலம் இதில் ஒரு விசித்திரமான ஏற்பாடு இருந்தது. கீழ்ப் பிரிவு அணிகளோடு ஆடினால் டிக்கெட் போட்டு ஆடலாம். முதல் பிரிவு அணிகள் தங்களுக்குள் ஆடினால் கதவைச் சாத்திக்கொண்டு ஆட வேண்டும். பார்வையாளர் கிடையாது, நிருபர் கிடையாது, ஸ்கோரை அதிகாரபூர்வமாக அறிவிப்பதும் கிடையாது. ரசிகர்கள் இவற்றை ‘ரகசிய ஸ்கிரிமேஜ்’ என்றே அழைத்தார்கள். நல்ல காரியத்துக்கு நிதி திரட்ட எப்போதாவது விலக்கு கிடைக்கும். 2017 அக்டோபரில் புயல் நிவாரணத்துக்காகக் கேன்சஸும் மிசூரியும் அப்படித்தான் வெளிப்படையாக ஆடின. கேன்சஸ் 93–87 என்று வென்றது. முதல் பிரிவு அணிகள் திறந்த அரங்கில் இப்படி மோதிக்கொள்வது சகஜமானது அண்மையில்தான்.

கதவுக்குப் பின்னால் நடப்பது முழுமையான போட்டி அல்ல. இரண்டு பயிற்சியாளர்களும் பேசிவைத்துக்கொண்டு விதிகளை வளைப்பார்கள். ஒரு பாதி முடிந்ததும் ஸ்கோரைச் சுழியாக்கிவிட்டு மறுபடி தொடங்குவார்கள். ‘ஒரு நிமிடம் பாக்கி, இரண்டு புள்ளி பின்தங்கியிருக்கிறோம்’ என்று ஒரு நிலைமையைக் கற்பனை செய்து அதை ஆடிப் பார்ப்பார்கள். முழங்கால் வலிக்கிறது என்று சொல்லும் முக்கிய ஆட்டக்காரரை உட்கார வைப்பார்கள். முதலாண்டு மாணவரைப் பதினைந்து நிமிடம் தொடர்ந்து ஆடவிடுவார்கள். பின்னால் தேவைப்படும் உத்தியை எதிரி கண்ணில் காட்டாமலும் வைப்பார்கள். இதில் வெளியே கசிவது யாரோ ஒருவர் 25 புள்ளி எடுத்தார் என்ற சேதியும், ஒரு ஸ்கோரும்தான். எது கசிகிறது என்பதே ஒரு தேர்வு. சொல்லத் தகுந்தது என்று யாரோ நினைத்தது மட்டுமே நம்மை வந்து சேர்கிறது.

போகட்டும். நல்ல வெளிச்சத்தில், திறந்த அரங்கில், முழு 40 நிமிடம், இரு தரப்பும் மனதார ஆடிய ஓர் ஆட்டத்தையே எடுத்துக்கொள்வோம். அதிலிருந்து தடுப்பாட்டத்தைப் பற்றி எவ்வளவு தெரிந்துகொள்ளலாம்?

இங்கே ஓர் அளவுகோல் தேவை. ஓர் அணியின் கைக்குப் பந்து வந்ததிலிருந்து, கூடையில் போட்டோ, தவறவிட்டு எதிரணி பிடித்தோ, நடுவழியில் பறிகொடுத்தோ, அதை இழக்கும் வரையிலான ஆட்டத் துண்டைப் பொசஷன் என்பார்கள். நாம் அதைப் ‘பந்துமுறை’ என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டு அணிகளும் மாறிமாறிப் பந்தை வாங்குவதால் ஓர் ஆட்டத்தில் இருவருக்கும் ஏறத்தாழ சமமான பந்துமுறைகளே கிடைக்கும். கல்லூரி ஆட்டத்தில் ஓர் அணிக்குச் சுமார் 70. நிதானமாக ஆடும் அணிகளுக்கு 60-ஐ ஒட்டி, விரைந்து ஆடும் அணிகளுக்கு 75-க்கு மேல்.

ஆட்டத்துக்கு எத்தனை புள்ளி விட்டுக்கொடுத்தார்கள் என்று பார்ப்பது ஏன் போதாது என்பது இதிலிருந்து விளங்கும். 60 பந்துமுறையில் 54 புள்ளி விட்டுக்கொடுத்த அணியையும், 75 பந்துமுறையில் 65 புள்ளி விட்டுக்கொடுத்த அணியையும் எடுத்துக்கொள்ளுங்கள். செய்தித்தாளில் முதல் அணிதான் சிங்கமாகத் தெரியும். நூறு பந்துமுறைக்கு எத்தனை என்று கணக்கிட்டால் முதல் அணி 90, இரண்டாவது அணி 87. உண்மையில் இரண்டாவதுதான் கொஞ்சம் சிறந்த தடுப்பு. வட கரோலினாவில் பெரும்புகழ் பெற்ற பயிற்சியாளர் டீன் ஸ்மித், உதவிப் பயிற்சியாளராக இருந்த 1950-களிலேயே இந்தப் பந்துமுறைக் கணக்கைப் பயன்படுத்தினார். டீன் ஆலிவர் 2004-இல் எழுதிய ‘பேஸ்கட்பால் ஆன் பேப்பர்’ நூல் அதைப் பரவலாக்கியது. இன்று இதை அறியாத தீவிர ரசிகரைக் காண்பது அரிது.

ஆனால் அளவுகோல் சரியாக அமைந்தாலும், ஓர் ஆட்டத்தின் 70 பந்துமுறைகள் ஒரு சின்ன மாதிரிதான். அதில் தற்செயலின் பங்கு எவ்வளவு என்று கணக்குப் பார்த்தால் பலருக்கும் வியப்பாக இருக்கும்.

மூன்று புள்ளி ஷாட்டை எடுத்துக்கொள்வோம். கல்லூரி ஆட்டத்தில் ஓர் அணி ஒரு மாலையில் 20 தடவை மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியிலிருந்து எறிவது சாதாரணம். ஒவ்வோர் எறிதலும் விழ 34 விழுக்காடு வாய்ப்பு என்று வைப்போம். இது கல்லூரிச் சராசரியை ஒட்டிய எண். தடுப்பாட்டம் ஒவ்வோர் இரவும் துளியும் மாறாமல் ஒரே தரத்தில் இருக்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். சராசரியாக ஏழு விழ வேண்டும். ஆனால் நான்கில் ஓர் ஆட்டத்தில் விழுவது ஐந்துக்குக் குறைவாகவோ ஒன்பதுக்கு மேலாகவோ இருக்கும். பத்தில் ஓர் ஆட்டத்தில் மூன்றும் அதற்குக் கீழுமாகவோ, பதினொன்றும் அதற்கு மேலுமாகவோ போய்விடும். மூன்றுக்கும் பதினொன்றுக்கும் இடையே 24 புள்ளி வித்தியாசம்! தடுப்பாட்டத்தில் எந்த மாற்றமும் இல்லாமல், எவர் மீதும் குற்றமோ பெருமையோ சொல்ல இடமில்லாமல், வெறும் தற்செயலில் வரும் வித்தியாசம் அது. எதிரணியின் மூன்றே பந்து உள்ளே போன இரவில் ‘நம் தடுப்பு இந்த ஆண்டு இரும்புக் கோட்டை’ என்கிறோம். பதினொன்று போன இரவில் ‘வெளியே யாரும் காவல் நிற்பதே இல்லை’ என்கிறோம்.

இங்கே ஒருவர் மறுக்கலாம். காவல் நெருக்கமாக இருந்தால் பந்து குறைவாக விழும், தள்ளி இருந்தால் அதிகமாக விழும். அதில் தற்செயல் எங்கே வந்தது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. கையை முகத்துக்கு நேரே நீட்டினால் குறி தப்பும் என்பது கண்ணால் காணும் உண்மை. ஆனால் ஒரு தனி எறிதலுக்குப் பொருந்துவது, ஓர் அணியை மற்றோர் அணியோடு ஒப்பிடும்போதும் பொருந்துமா? அதைச் சோதித்துத்தான் பார்க்க வேண்டும்.

சோதித்தவர்களுள் முக்கியமானவர் கென் பொமராய். வானிலைத் துறையில் பணியாற்றியவர். முன்னறிவிப்பு என்பதன் நெளிவு சுளிவுகளை அங்கேயே பழகியவர். கல்லூரி அணிகளைப் பந்துமுறைக் கணக்கில் தரப்படுத்தி அவர் வெளியிடும் பட்டியலை இன்று பயிற்சியாளர்களே பார்க்கிறார்கள். அவர் கையாண்ட சோதனை எளிமையானது, அழகானது. சீசனை இரண்டு பாதியாகப் பிரி. முதல் பாதியில் எதிரணிகளை மிகக் குறைந்த மூன்று புள்ளி விழுக்காட்டில் நிறுத்திய அணிகள் எவை என்று குறித்துக்கொள். இரண்டாம் பாதியிலும் அதே அணிகள் அதே இடத்தில் இருக்கின்றனவா என்று பார். அது திறமை என்றால் திரும்ப வரும். தற்செயல் என்றால் வராது.

ஏறக்குறைய வரவே இல்லை. எதிரணி எறிந்த மூன்று புள்ளிப் பந்துகளில் எத்தனை விழுந்தன என்பதில் முதல் பாதியின் முன்னணி அணிகள் இரண்டாம் பாதியில் கூட்டத்தோடு கூட்டமாகக் கலந்துவிட்டன. அதே சமயம் இன்னோர் எண் நன்றாகத் திரும்ப வந்தது. எதிரணி எறிந்த எல்லாப் பந்துகளிலும் எத்தனை பங்கு கோட்டுக்கு வெளியிலிருந்து எறியப்பட்டது என்ற எண் அது. இதை ‘வெளிவட்டப் பங்கு’ என்று அழைப்போம். கோட்டுக்கு வெளியே எறியவிடாமல் தடுக்கும் அணி சீசன் முழுக்க அப்படியே தடுக்கிறது. எறிந்த பிறகு அது விழுமா என்பதில் அதே அணிக்கு மிகச் சிறிய பிடிதான் இருக்கிறது.

எனக்கு இதைவிடப் பிடித்த சாட்சி ஃப்ரீ த்ரோ. ஃபவுலுக்குப் பின் ஆட்டக்காரர் 15 அடி தூரத்தில் தனியாக நின்று, கை நீட்ட எவருமின்றி எறியும் பந்து அது. அதைத் தடுக்க எந்த உத்தியும் கிடையாது. ஆனாலும் ஆண்டு முடிவில் அணிகளை வரிசைப்படுத்தினால், சில அணிகளுக்கு எதிராக ஃப்ரீ த்ரோக்கள் குறைவாகவும், சிலவற்றுக்கு எதிராக அதிகமாகவும் விழுந்திருக்கும். முதலிடத்து அணியைப் பார்த்து ‘ஃப்ரீ த்ரோ தடுப்பில் வல்லவர்கள்’ என்று எவரும் சொல்வதில்லை. அந்த வித்தியாசம் முழுக்கத் தற்செயல் என்று எல்லோருக்கும் தெரியும். ஆகவே தற்செயல் மட்டுமே எவ்வளவு தூரம் அணிகளைப் பிரித்துக் காட்டும் என்பதற்கு இயற்கையே தந்த அளவை இது. மூன்று புள்ளித் தடுப்பிலும் ஒரு முழு சீசனுக்குக் கணக்கிடலாம். சுமார் 700 எறிதல்கள் என்றால், தற்செயல் மட்டுமே ஓர் அணியின் எண்ணைச் சராசரியிலிருந்து இரண்டு விழுக்காடு அளவுக்கு மேலோ கீழோ தள்ளிவிடும். ஒரு முழு சீசனுக்கே இந்தக் கதி என்றால், அக்டோபரில் 20 எறிதல்களைப் பார்த்து என்ன சொல்ல முடியும்?

‘ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்’ என்று நாம் சொல்வது மாதிரி எடுத்தல் பற்றிய சரியான விதிதான். ஆனால் அது ஏன் சரியாகிறது என்று யோசிக்க வேண்டும். ஒரே அரிசி, ஒரே தண்ணீர், கொதி எல்லாவற்றையும் புரட்டிக்கொண்டே இருக்கிறது; அதனால் ஒரு பருக்கை மற்ற பருக்கைகளைவிட வெகுவாக மாறுபட வழியில்லை. பருக்கைக்குப் பருக்கை வேற்றுமை எவ்வளவு குறைவோ, அவ்வளவு சின்ன மாதிரி போதும். கூடைப்பந்தில் சில எண்கள் இந்தச் சோற்றைப் போன்றவை. ஆட்டத்தின் வேகம், எதிரணி எங்கிருந்து எறிகிறது, பந்தை எத்தனை தடவை பறிகொடுக்கிறது என்பவை பயிற்சியாளரின் முடிவிலிருந்து ஒவ்வொரு பந்துமுறையிலும் பிறப்பவை. அதனால் சில ஆட்டங்களிலேயே தெளிந்துவிடும். எறிந்தது விழுந்ததா என்ற எண்ணில் ஒவ்வொரு பருக்கையும் ஒன்று பச்சையரிசி, அல்லது குழைந்த சோறு. ஒன்றை நசுக்கிப் பார்த்து அடுப்பை அணைக்க முடியாது.

ஒரு விலக்கையும் சொல்லிவிட வேண்டும். கூடைக்கு அருகே எறியும் இரண்டு புள்ளிப் பந்துகளில் தடுப்புக்கு உண்மையான பிடி உண்டு. ஏழடி உயர ஆட்டக்காரர் ஒருவர் கூடையடியில் நின்றால் எதிரி தயங்குவதும், எறிந்தது தட்டிவிடப்படுவதும் ஆட்டத்துக்கு ஆட்டம் திரும்ப வரும். தற்செயல் எல்லா இடத்திலும் ஒரே அளவு இல்லை. கூடையிலிருந்து தள்ளிப் போகப் போகத்தான் பெருகுகிறது.

இனி பாணிக்கு வருவோம். பாணி என்று நாம் சொல்வது, எதை விட்டுக்கொடுக்கலாம் என்று பயிற்சியாளர் முன்கூட்டியே செய்துகொள்ளும் தேர்வு. ஐந்து பேரால் தளம் முழுவதையும் காக்க முடியாது. ஏதோ ஓரிடம் திறந்துதான் கிடக்கும். நாட்டின் மிகப் புகழ்பெற்ற தேர்வுகளுள் ஒன்று ‘பேக் லைன்’. டிக் பென்னெட் விஸ்கான்சின் மாநிலத்துக் கல்லூரிகளில் பயிற்சி தந்த காலத்தில் உருவாக்கியது. 2000-இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தை நாட்டின் கடைசி நான்கு அணிகளுள் ஒன்றாக அவர் கொண்டுசேர்த்தார். அவர் மகன் டோனி பென்னெட் 2009-இல் வர்ஜீனியா பல்கலைக்கழகத்துக்கு அதைக் கொண்டுவந்தார்; 2024 அக்டோபரில் ஓய்வு பெறும் வரை அதையே ஆடினார்.

கூடையிலிருந்து சுமார் 16 அடி தூரத்தில் ஒரு வளைவுக் கோடு இருப்பதாகக் கற்பனை செய்யுங்கள். பந்து வைத்திருப்பவரை ஒருவர் மட்டும் வெளியே போய் நெருக்குவார். மற்ற நால்வரும் அந்தக் கோட்டுக்கு உள்ளேயே நிற்பார்கள், தங்கள் ஆள் மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே நின்றாலும் சரி. பந்தைத் தரையில் தட்டியபடி கூடையை நோக்கிப் பாய்பவருக்கு எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு தோள் தெரியும். அவர் வெளியே பாஸ் கொடுத்ததும், அந்த ஆளுக்குரியவர் கோட்டைத் தாண்டி ஓடி, கடைசி இரண்டு எட்டைக் குறுக்கி வைத்து, கையை உயர்த்தியபடி நிற்பார். பந்து அடுத்தவருக்குப் போனால் மறுபடி உள்ளே. உள்ளே, வெளியே, உள்ளே. 30 விநாடி ஷாட் கிளாக் தீரும் வரை இது நடக்கும். எதிரணி பொறுமையிழந்து மோசமான ஷாட் எறியும். பேக் லைன் அணியின் சொந்த ஷாட் தவறினால் அந்தப் பந்தைப் பிடிக்கத் துரத்தாமல் நால்வர் உடனே பின்வாங்கி ஓடிவிடுவார்கள். வேகத் தாக்குதலுக்கு இடமே கிடைக்காது. ஃபவுல் குறைவு, ஆட்டம் மெதுவு.

வர்ஜீனியா அணிக்கு நேர்ந்ததுதான் தற்செயலைப் பற்றிய மிகப் பெரிய பாடம். 2018 மார்ச் 16. தேசியப் போட்டியின் தரவரிசையில் வர்ஜீனியாவே முதல் அணி. அதுவரை 31 வெற்றி, 2 தோல்வி. ஆட்டத்துக்கு நாட்டிலேயே மிகக் குறைந்த புள்ளி விட்டுக்கொடுத்த அணி. எதிரே யு.எம்.பி.சி. என்று சுருக்கமாக அழைக்கப்படும் மேரிலாந்து பால்டிமோர் கவுண்டி பல்கலைக்கழகம், போட்டியில் தன் குழுவின் கடைசி இடமான 16. ஆடவர் போட்டியில் குழுக்களின் முதலிட அணிகள் 16-ஆம் இட அணிகளை அதுவரை 135 தடவை சந்தித்து 135 தடவையும் வென்றிருந்தன. பாதி ஆட்டத்தில் 21–21. பிறகு யு.எம்.பி.சி. இரண்டாம் பாதியில் மட்டும் 53 புள்ளி எடுத்து 74–54 என்று வென்றது. அவர்கள் எறிந்த 24 மூன்று புள்ளிப் பந்தில் 12 விழுந்தன. வர்ஜீனியா எறிந்த 22-இல் 4 விழுந்தன.

பேக் லைன் பாணியே தோற்றுவிட்டது, மெதுவாக ஆடுவதன் விலை இது என்று பலர் எழுதினார்கள். அதில் ஒரு துளி உண்மை உண்டு. வலுவான அணி மெதுவாக ஆடினால் பந்துமுறைகள் குறையும். மாதிரி சிறுத்தால் தற்செயலின் கை ஓங்கும். எவ்வளவு ஓங்கும்? பந்துமுறை 70-இலிருந்து 60-ஆகக் குறைந்தால், பந்துமுறைக்குப் பந்துமுறை வரும் ஏற்ற இறக்கத்தின் தாக்கம் சராசரியில் 8 விழுக்காடு அளவுதான் கூடும். இருபது புள்ளித் தோல்வியை அது விளக்காது. மேலும் முக்கிய ஆட்டக்காரர் டிஆண்ட்ரே ஹன்டர் மணிக்கட்டு முறிந்து அன்று ஆடவில்லை.

பென்னெட் பாணியை மாற்றவில்லை. அடுத்த ஆண்டும் நாட்டின் மிக மெதுவான அணிகளுள் ஒன்றாகவே வர்ஜீனியா ஆடியது. தேசியப் போட்டியில் பர்டியூவிடம் தோற்க வேண்டிய ஆட்டத்தைக் கடைசி நொடியில் சமன் செய்து கூடுதல் நேரத்தில் வென்றது. ஆபர்னை 63–62 என்று ஒரே புள்ளியில் வென்றது. கடைசியில் வர்ஜீனியாவின் கைல் கை என்ற ஆட்டக்காரர் அடுத்தடுத்து மூன்று ஃப்ரீ த்ரோக்களைப் போட்டார். இறுதியாட்டத்தில் டெக்சஸ் டெக்கைக் கூடுதல் நேரத்தில் 85–77 என்று வென்று சாம்பியன் ஆனது. தற்செயல் இம்முறை மறுபக்கம் சாய்ந்தது, பாணி அதேதான். 2018-இல் பாணியைத் தூற்றியதும் 2019-இல் அதே பாணியைப் போற்றியதும் ஒரே பிழையின் இரு முகங்கள் என்பது என் உறுதியான எண்ணம்.

வேறு தேர்வுகள் வேறு தடயங்களை விடும். சிராக்யூஸில் ஜிம் போஹைம் 1976 முதல் 2023 வரை பயிற்சியாளர். அவர் அணி ஆளுக்கு ஆள் என்றில்லாமல் இடத்துக்கு ஆள் என்று பிரித்துக்கொண்டு, முன்னே இருவர் பின்னே மூவராக நிற்கும் ஜோன் முறையில் ஆடியது. அதற்கு எதிராக வெளிவட்டப் பங்கு பெருகும், பாஸ்கள் பெருகும், தவறிய பந்தை, அதாவது ரிபவுண்டை, பிடிப்பது அந்த அணிக்குச் சிரமம். 2011-இல் கடைசி நான்கை எட்டிய வர்ஜீனியா காமன்வெல்த் அணியோ, பந்து உள்ளே வந்த நிமிடத்திலிருந்தே முழுத் தளத்திலும் நெருக்கும். எதிரணி பந்தைப் பறிகொடுப்பது அதிகம், கூடவே எளிதான லே-அப்கள் விட்டுக்கொடுப்பதும் உண்டு. இந்தத் தடயங்கள் எவற்றுக்கும் பந்து விழுந்ததா என்ற கேள்வியே தேவையில்லை. அதனால்தான் ஒரு ஸ்கிரிமேஜிலேயே இவற்றின் சாயல் தெரிகிறது.

ஆகவே முன்னோட்ட ஆட்டம் பார்க்க உட்காரும்போது கண்ணைப் பந்திலிருந்து விலக்கிப் பழகுவது நல்லது. பந்துக்கு இரண்டு பாஸ் தள்ளி நிற்கும் தடுப்பாளரின் கால்களைப் பாருங்கள். அவர் தன் ஆளைக் கட்டிக்கொண்டு நிற்கிறாரா, அல்லது ஒரு காலைக் கூடைக்கு எதிரேயுள்ள பகுதியில் வைத்திருக்கிறாரா? பந்து வைத்திருப்பவரைப் பக்கக்கோட்டை நோக்கித் தள்ளுகிறார்களா, நடுவே விடுகிறார்களா? எதிரணியின் உயரமானவர் வந்து மறித்து நின்று பந்துக்காரருக்கு வழி ஏற்படுத்தும்போது என்ன செய்கிறார்கள் என்பது எல்லாவற்றிலும் முக்கியம். அவரைக் காக்கும் உயரமானவர் கூடையடிக்குப் பின்வாங்கினால் கூடையைக் காப்பது நோக்கம். இருவரும் ஆளை மாற்றிக்கொண்டால் வெளி ஷாட்டை மறுப்பது நோக்கம். பயிற்சியாளர் கெல்வின் சாம்ப்சனின் ஹியூஸ்டன் அணியைப் போல இருவருமாகப் பந்துக்காரர் மீது பாய்ந்தால், பந்தைப் பறிப்பதும் ஆட்டத்தைக் கலைப்பதும் நோக்கம். போன ஆண்டு பின்வாங்கிய அணி இந்த ஆண்டு நான்கைந்து பந்துமுறைகளில் தொடர்ந்து பாய்கிறது என்றால், அது தற்செயல் அல்ல. யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

ஃபவுல் எண்ணிக்கையை மட்டும் எச்சரிக்கையோடு பாருங்கள். புதிதாக வலியுறுத்தப்படும் விதிகள் சீசன் தொடக்கத்தில்தான் கடுமையாக அமலாகும். 2013–14-இல் கையால் தடுப்பதற்கு நடுவர்கள் கண்டிப்பாக விசிலடிக்கத் தொடங்கியபோது நவம்பர் ஆட்டங்களில் ஃபவுல்கள் குவிந்தன.

சரி, ஸ்கோரை முழுக்கத் தூக்கி எறிய வேண்டுமா? அதுவும் தவறு. அதற்கு உரிய எடையைக் கொடுக்க வேண்டும். ஒரு கல்லூரி ஆட்டத்தின் முடிவு, சரியான கணிப்பிலிருந்துகூட 11 புள்ளி அளவுக்கு விலகுவது இயல்பு. அணியின் பழைய ஆட்டக்காரர்கள், புதிதாக வந்தவர்கள், பயிற்சியாளரின் சென்ற கால வரலாறு ஆகியவற்றைக் கொண்டு நாம் செய்யும் முன்மதிப்பீடு அவ்வளவு மோசமில்லை. ஏறத்தாழ 5 புள்ளி பிசகலாம் என்று வைப்போம். எதிரணியைப் பற்றிய மதிப்பீட்டிலும் அதே பிசகு. இந்த நிலையில் ஒரே ஆட்டம் தரும் ஆச்சரியத்தில் ஏழில் ஒரு பங்குதான் நம் மதிப்பீட்டை நகர்த்தத் தகும். சமபலம் என்று நாம் நினைத்திருந்த அணியை 13 புள்ளியில் வென்றால் நம் அணியின் மதிப்பு இரண்டு புள்ளி ஏறலாம். கதவைச் சாத்தி, ஸ்கோரைச் சுழியாக்கி, முக்கியமானவரை உட்காரவைத்து ஆடியதென்றால் அந்த இரண்டும் மிகை. பொமராயின் பட்டியலே முன்மதிப்பீட்டின் எடையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, ஜனவரி வரை முழுதாகக் கைவிடாமல் வைத்திருக்கிறது. முழு மரியாதையோடு ஆடிய பத்துப் பதினைந்து ஆட்டங்களுக்குப் பின்னும் அக்டோபர் மாத அறிவுக்கு மதிப்பு மிச்சமிருக்கிறது என்பதுதான் இதன் பொருள்.

ரகசிய ஸ்கிரிமேஜ் காலத்தில் இவை எதையும் முன்னோட்ட ஆட்டங்களிலேயே சோதிக்க வழியில்லாமல் இருந்தது. வெளிவந்தது ஸ்கோர் மட்டும், அதுவும் யாரோ சொன்னது. இப்போது கதவு திறந்திருக்கிறது. யார் எங்கிருந்து எறிந்தார், எத்தனை பந்துமுறை என்ற முழு விவரமும் பதிவாகிறது. இப்படிச் சில சீசன்கள் சேர்ந்தால் பொமராயின் அதே பாதிப் பாதிச் சோதனையை அக்டோபருக்கும் செய்யலாம். முன்னோட்ட ஆட்டங்களை ஒரு பக்கம், நவம்பர் முதல் மார்ச் வரை மறுபக்கம் வைத்து, எந்த எண் கடந்துவருகிறது என்று பார்க்கலாம். ஆட்டத்தின் வேகமும் வெளிவட்டப் பங்கும் தெளிவாகக் கடந்துவரும், பந்தைப் பறிக்கும் விகிதம் ஓரளவு வரும், எதிரணியின் மூன்று புள்ளி விழுக்காடு வரவே வராது என்பது என் கணிப்பு. ஃபவுல் விகிதத்தைப் பற்றி மட்டும் எந்தப் பக்கமும் பந்தயம் கட்ட மாட்டேன்.